அடித்த வரி

இடம்: செந்தூல், சபை மண்டபம், மேல்மாடி.
நேரம்: இரவு எட்டே கால்.
வந்திருந்தோர் ஒன்பது பேர்.
பத்தாவதாக அவர்.
வந்திருந்தோரில் அவரையும் எழுதுவதா என்று
தலைவரைக் கேட்டேன்.
வேண்டாம் என்றார்.

முப்பது வருடம் ரயில்வேயில்
தாமதங்களைப் பதிந்த கை இது.
வண்டி ஏன் நின்றது என்று எழுதும்,
யார் நிறுத்தினார் என்று எழுதாது.

சுகிர்தம் டீச்சர் மீது புகார் மூன்று.
கார் கழுவும் பையன்களை
நனைந்த கால்சட்டையோடு
முன் பெஞ்சில் உட்கார வைத்தது.
ஞாயிறு மாலை வகுப்பை
மண்டபத்திலிருந்து எடுத்துப்போய்
எல்.ஆர்.டி. பாலத்துக்குக் கீழே வைத்தது.
மூன்றாவதைச் சொல்லும்போது
பொருளாளர் ஐசக் தவராஜ் குரலைத் தாழ்த்தினார்:
அங்கே, போதகர் இல்லாமல்,
அப்பம் பிட்டிருக்கிறார்.

"கடை ரொட்டி" என்று டீச்சர் திருத்தினார்.
"பசித்திருந்தார்கள், பிட்டேன்.
ஜெபம் பண்ணாமல் பிட எனக்குத் தெரியாது."

நான் எழுதினேன்: ஒப்புக்கொண்டார்.

தலைவர் தேவசித்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
நல்ல மனிதர். என் மனைவியின் டயாலிசிஸ் பில்லை
யாருக்கும் தெரியாமல் இரண்டு முறை கட்டியவர்.
அவர்தான் கேட்டார்,
இதற்கெல்லாம் யார் கொடுத்த அதிகாரம் என்று.

மின்விசிறி சுற்றியது.
அந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும்
ஞாயிறு பள்ளியிலேயே வாசித்திருக்கிறோம்,
அது யார் வாயில் இருந்தது என்பதையும்.
ஒருவரும் தலை நிமிரவில்லை.

டீச்சர் சொன்னார்: நானும் ஒன்று கேட்கிறேன்.
மார்ச்சில் குழாய்த் தண்ணீர் நான்கு நாள் நின்றதே,
அந்த ஞாயிறு உங்கள் பேரனுக்கு ஞானஸ்நானம்.
தொட்டி காய்ந்து கிடந்தது.
கார் கழுவும் கடையின் நீல டாங்கியிலிருந்து
லியான் ஒரு வாளி கொண்டுவந்தான்,
சோப்பு வாசம் போக மூன்று தரம் அலசிய வாளி.
வாசலிலேயே வாங்கிக்கொண்டு
அவனைத் திருப்பி அனுப்பினீர்கள்.
அந்தத் தண்ணீர்
மேலேயிருந்து வந்ததா,
கடையிலிருந்து வந்ததா?

குசுகுசுத்தார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது.
மேலேயிருந்து என்றால்
கொண்டுவந்தவனுக்கு ஏன் பெஞ்சு இல்லை என்பாள்.
கடையிலிருந்து என்றால்
பிள்ளையின் தலையில் விழுந்தது என்ன?
அந்தப் பிள்ளையின் தாய் கீழே
மாமனாருக்காகக் காரில் காத்திருந்தாள்,
எஞ்சின் ஓடியபடி.

"தெரியாது" என்றார் தலைவர்.
எழுதினேன்.
"அதை அடித்துவிடும்" என்றார்.
ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டேன்,
ரயில்வே வழக்கப்படி:
அடித்தது என்னவென்று வாசிக்கத் தெரிய வேண்டும்.

தீர்மானம்: செல்வி சுகிர்தம்
இன்று முதல் சபையில் போதிப்பதில்லை.
ஆதரவு ஒன்பது.
ஒன்பதில் ஒன்று என்னுடையது.
பேனா பிடிக்காத கையைத்தான் தூக்கினேன்.
எந்தக் கை என்று யார் கேட்கப் போகிறார்கள்.

அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
மாடிப்படி விளக்கு மினுக்குகிறது,
ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள் என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

இது குறிப்பில் சேராது:

அடுத்த ஞாயிறு, மழை விட்ட ஐந்து மணிக்கு,
காரைக் கழுவ வேண்டும் என்று
மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.
மழையே கழுவி முடித்த காரை
அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

பாலத்தின் கீழே ஏழெட்டுப் பேர்,
கவிழ்த்த வாளிகளின் மேல்.
தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம்
டீச்சர் நிறுத்தினார்.
போனதும், விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார்.

லியான் எழுந்து வந்தான்.
கண்ணாடியை இறக்கி, எவ்வளவு என்று கேட்டேன்.
பதினைந்து வெள்ளி,
ஆனால் ஞாயிறு இந்த நேரம் கழுவுவதில்லை என்றான்,
பாதி மலாய், பாதி தமிழ்.
திரும்பிப் போய் இன்னொரு வாளியைக் கவிழ்த்து
துணியால் துடைத்து வைத்தான்.

வைப்பரை நிறுத்த மறந்திருந்தேன்.
காய்ந்த கண்ணாடியில் அது
போய்ப் போய் வந்து
கீறிக்கொண்டிருந்தது.